பிள்ளை ஐசியுவில் இருக்கும்போது கேட்கத் தயங்கும் கேள்விகள்: சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்துவதா?

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பேசிவிட்டுப் போன பிறகு, பெற்றோரோடு உட்கார்ந்து மிச்சத்தைப் பேசுவது என் வேலை. குடும்பம் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதை எப்படிக் கேட்பது என்பதற்கு இது கொஞ்சம் கைகொடுக்கலாம்.

"இனி ரொம்பக் கஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிட்டார் டாக்டர். அப்படின்னா என்ன அர்த்தம்?

அதை அவரிடமே கேளுங்கள். டாக்டர்களுக்கும் சாவு என்ற வார்த்தை வாயில் வராது. "கஷ்டம்", "பார்க்கலாம்", "மருந்துக்கு உடம்பு ஒத்துழைக்கலை" என்று சுற்றி வளைப்பார்கள், நீங்களோ "கஷ்டம்தான், ஆனால் முடியும்போல" என்று எடுத்துக்கொண்டு எழுந்து வருவீர்கள். புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், குணமாக வழியில்லை என்று டாக்டருக்குத் தெரிந்ததற்கும் அது பெற்றோருக்குப் புரிந்ததற்கும் நடுவே சராசரியாக மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. அந்த மூன்று மாதத்தை வேறு எப்படியெல்லாம் கழித்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

நேராகக் கேளுங்கள்: இது குணமாகுமா? ஆகாது என்றால் இந்த மெஷின்கள் எதை எதிர்பார்த்து ஓடுகின்றன? இதே நிலையில் வந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் என்ன நடந்தது? "உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க" என்று எல்லோரும் கேட்பார்கள், எந்த டாக்டரும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. "இத்தனை நாள் இவனைப் பார்த்ததில் உங்களுக்கு என்ன தோணுது" என்று கேட்டால் பதில் வரும்.

பேலியேட்டிவ் டீமைக் கூப்பிடறோம்னாங்க. அப்போ கைவிட்டுட்டாங்களா?

இல்லை. குழந்தைகளுக்கான பேலியேட்டிவ் கேர், அதாவது நோய்த்தணிப்புச் சிகிச்சை, நோய் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டியது, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கிறதோ இல்லையோ அதுபாட்டுக்குக் கூடவே ஓட வேண்டியது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம், பெற்றோரின் களைப்பு எல்லாமே அவர்கள் கணக்கில் வரும். குழந்தைகளுக்கென்றே உலகின் முதல் ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம்) 1982-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹெலன் ஹவுஸ் என்ற பெயரில் தொடங்கியது. சாவதற்கு மட்டும் போகும் இடமாக அது இருக்கவில்லை, வீட்டாருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கட்டும் என்று வந்து தங்கிவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் நிறைய.

வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னா நாங்களே பிள்ளையைக் கொன்ன மாதிரி ஆகாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

வென்டிலேட்டருக்கு ஒரு வேலை உண்டு: நுரையீரலோ மூளையோ தேறி வரும்வரை மூச்சைப் பார்த்துக்கொள்வது. தேற வழியில்லை என்று ஆனபின் அது தேறுவதற்கான நேரத்தைத் தருவதில்லை, சாவதற்கு ஆகும் நேரத்தை நீட்டுகிறது, அவ்வளவுதான். அதை எடுத்த பிறகு பிள்ளை இறந்தால், இறப்புக்குக் காரணம் நோய். மருத்துவ நெறியும் பல நாட்டு நீதிமன்றங்களும் இதை இப்படித்தான் பார்க்கின்றன. பிள்ளை இருக்கணுமா போகணுமா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அது உங்கள் கையிலும் இல்லை, டாக்டர் கையிலும் இல்லை. மிச்சமிருக்கிற நேரத்தில் அந்தச் சின்ன உடம்புக்கு எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பது மட்டும்தான் கேள்வி.

இவ்வளவு சொன்ன பிறகும் மனசு கேட்காது, தெரியும். அறிவுக்குப் புரிந்தது வயிற்றுக்கு இறங்க நாளாகும். அதற்காக நீங்கள் எடுத்த முடிவு தப்பு என்று ஆகிவிடாது.

அப்படின்னா முதல்லயே போடாம இருந்திருக்கலாமே? போட்டுட்டு எடுக்கறதுதானே பாவம்?

போடாமல் விடுவதும், போட்டதை எடுப்பதும் நெறிப்படி ஒன்றுதான் என்று உலகம் முழுக்கப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கைக்கு மட்டும்தான் வேறாகத் தெரிகிறது, டாக்டர்களின் கைக்கும்கூட. ஆனால் "போட்டால் எடுக்கவே முடியாது" என்ற பயம் இருந்தால் என்ன ஆகும்? பிழைக்கக் கொஞ்சம் வாய்ப்புள்ள பிள்ளைக்கும் போடத் தயங்குவோம். போட்டுப் பார்த்தவர்கள் ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தவர்கள், அதில் பாவம் எங்கே இருக்கிறது?

இதற்கு நடைமுறையில் நல்ல வழி ஒன்று உண்டு. கெடு வைத்துச் சிகிச்சை செய்து பார்ப்பது. "மூன்று நாள் டயாலிசிஸ் செய்வோம், யூரின் வருகிறதா, லேக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அமிலம்) இறங்குகிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று முதலிலேயே பேசிவைப்பது. எதைப் பார்த்து முடிவு செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்தால் கடைசியில் குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைகிறது.

டிஎன்ஆர் எழுதிட்டா அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்களாமே?

டிஎன்ஆர் என்பது இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து மீட்கும் முயற்சி வேண்டாம் என்பது மட்டும்தான். ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், வலி மருந்து, பால், டயப்பர் மாற்றுவது எல்லாம் அப்படியே நடக்கும். வேறு எதையாவது குறைப்பதென்றால் அதைத் தனியாகப் பேசித் தனியாக எழுத வேண்டும். "இதில் என்னென்ன செய்வீர்கள், என்னென்ன செய்ய மாட்டீர்கள்" என்று வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள், ராத்திரி ட்யூட்டிக்கு வரும் டாக்டருக்கும் அது தெரிய வேண்டும். மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம், அது நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் இல்லை.

மூளைச்சாவுன்னு சொல்றாங்க. நெஞ்சு துடிக்குதே, உடம்பு சூடா இருக்கே?

இது மேலே பேசியதிலிருந்து முழுக்க வேறு. மூளைச்சாவு என்றால், அதை மரணமாக ஏற்கும் சட்டங்களின்படி, பிள்ளை இறந்துவிட்டது. இதயத்துக்கு மூளையின் உத்தரவு இல்லாமலே துடிக்கும் அமைப்பு உண்டு. வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுக்கும்வரை கொஞ்ச காலம் அது துடிக்கும். கோமாவும் இதுவும் ஒன்றல்ல, கோமாவில் மூளையின் சில பகுதிகளாவது வேலை செய்துகொண்டிருக்கும்.

சும்மா பார்த்துச் சொல்லிவிட மாட்டார்கள். கண்மணியில் வெளிச்சம் அடித்து, விழியைத் தொட்டு, தொண்டையில் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்த்து, கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று காத்திருப்பார்கள். குழந்தைகளுக்கு இந்தச் சோதனை இரண்டு தடவை. நடுவில் 12 மணி நேரமும், பச்சிளங்குழந்தை என்றால் 24 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பல வழிகாட்டுதல்களில் உள்ளது. நீங்கள் கேட்டால் சோதனையின்போது பக்கத்தில் நிற்க விடும் இடங்கள் உண்டு, பார்த்தவர்களுக்குச் சந்தேகம் குறைவாக இருக்கிறது. உறுப்பு தானம் பற்றிப் பேசுபவர்கள், மூளைச்சாவை உறுதிசெய்த குழுவைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாளா?

எடைக்கு ஏற்றபடி கணக்கிட்டு, வலி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்றும் மார்ஃபின் சாவை முன்னே இழுப்பதாகத் தெரியவில்லை. மூச்சுத்திணறலுக்கும் அதுதான் நல்ல மருந்து. கடைசி நேரத்தில் கொடுத்த ஊசிக்குப் பிறகு உயிர் போனால் ஊசியால் போனதாகத் தோன்றும். கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு மருந்து கடைசி மருந்தாகத்தானே இருக்கும்.

நான் உண்மையில் பயப்படுவது எதிர்ப்பக்கம். முதல் கேள்வியில் சொன்ன ஆய்வின் காலத்திலேயே நடந்த இன்னோர் ஆய்வில், கடைசி மாதத்தில் பிள்ளை மிகவும் துன்பப்பட்டதாக 89 சதவீதப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். "அடிமையாகிவிடுவான்" என்று பயந்து வலி மருந்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

டியூப்ல பால் நிறுத்தலாமான்னு கேட்கறாங்க. பட்டினி போட்டா?

எல்லா முடிவுகளிலும் இதுதான் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சை அடைப்பது, நர்ஸ்களுக்கும்தான். வாயால் குடிக்கிற, கேட்கிற பிள்ளைக்கு யாரும் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். டியூபில் போவதை மருத்துவச் சிகிச்சை என்றுதான் பல மருத்துவ அமைப்புகள் கருதுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2009-ல் இதை எழுத்திலேயே சொன்னது. அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பால் பாலைச் செரிக்க முடியாது. வயிறு உப்பும், வாந்தி வரும், நுரையீரலில் நீர் கோக்கும். அந்த நிலையில் நிறுத்துவது பிள்ளைக்கு நிம்மதி. வாயும் உதடும் காயாமல் அடிக்கடி நனைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதை நீங்களே செய்யலாம்.

ஆனால் மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு டியூபை நிறுத்தினால் நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எல்லோராலும் முடியாது. உங்களால் முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

வென்டிலேட்டரை எடுத்தா என்ன நடக்கும்? எவ்வளவு நேரம்?

முதலில் மருந்து, அப்புறம்தான் மற்றதெல்லாம். பிள்ளைக்குத் திணறல் தெரியாத அளவுக்கு வலி மருந்தும் மயக்க மருந்தும் போகிறது என்று உறுதிசெய்துகொண்டு, மானிட்டரின் சத்தத்தை அடைத்து, முடிந்தால் திரையையும் அணைத்துவிடுவார்கள். இதை நீங்களே கேளுங்கள், ஏனென்றால் திரை எரிந்தால் கண் அதிலேயே போய் நிற்கும், பிள்ளையின் முகத்துக்கு வராது. கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டரை ஈரப்படுத்தி மெல்ல உரிப்பார்கள். நிறையப் பெற்றோர் பல நாள் கழித்துப் பிள்ளையின் முழு வாயையும் அப்போதுதான் பார்க்கிறார்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

பிறகு மூச்சு விட்டுவிட்டு வரும், நீண்ட இடைவெளி விழும், கைகால் குளிர்ந்து தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். கடைசியில் வாயைத் திறந்து இழுப்பது பார்க்கப் பயமாக இருக்கும். அது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல், அந்நேரம் பிள்ளைக்கு நினைவு இருக்காது. நேரத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. நிமிடங்களாக இருக்கலாம், மணிக்கணக்காக இருக்கலாம். 2018-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபி எவன்ஸ் என்ற குழந்தை வென்டிலேட்டரை எடுத்த பிறகு சுமார் ஐந்து நாள் மூச்சு விட்டது. "உடனே போகவில்லை என்றால் எங்கே வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள்" என்று முன்னாடியே கேட்டுவைப்பது நல்லது.

முடிவை எங்க தலைல கட்டறாங்க. நாங்கதான் சொல்லணுமா?

வேண்டாம். நல்ல டாக்டர் நான்கு வழியைச் சொல்லிவிட்டு "எது வேணும்" என்று கேட்டு நிற்க மாட்டார், உங்கள் மனசில் எது முக்கியம் என்று கேட்டறிந்து "இதைத்தான் நான் சொல்வேன்" என்று பரிந்துரைப்பார். அப்படிச் செய்யவில்லை என்றால் கேளுங்கள். சிலருக்கு முடிவு தங்கள் கையில் இருக்க வேண்டும், இன்னும் சிலரால் அந்த வாக்கியத்தை வாயால் சொல்லவே முடியாது. "நீங்க சரின்னு நினைக்கறதைச் செய்யுங்க, நாங்க தடுக்க மாட்டோம்" என்பதும் முழுமையான பதில்தான்.

எனக்குப் போதும்னு இருக்கு. அவர் ஒத்துக்கவே மாட்டேங்கறார். பெரியவங்க வேற ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள், ஒருவர் சில நாள் பின்னால் வருகிறார். ராத்திரி பகலாகக் கட்டில் பக்கத்தில் இருப்பவர் முன்னால் புரிந்துகொள்வார், வேலைக்கும் வீட்டுக்கும் அலைபவருக்கு டாக்டர் பேசியது செவிவழிச் செய்திதான். அவரையும் நேரில் உட்காரவைத்து முதலிலிருந்து பேசச் சொல்லுங்கள். பாட்டி, தாத்தா, மாமா, சித்தப்பா எல்லோரும் டாக்டரைக் கேள்வி கேட்கட்டும், ஆனால் ஓட்டெடுப்பு வேண்டாம். பிள்ளைக்கு வலி இல்லாமல் இருக்கிறதென்றால் ஓரிரண்டு நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. வலி இருக்கிறதென்றால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் வாக்குவாதம்.

பிள்ளைகிட்ட சொல்லலாமா?

ஸ்வீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட "ஏன் பேசினோம்" என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் பேசாமல் இருந்ததற்கும் வருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் எதுவும் இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். பக்கத்துக் கட்டில் ஏன் காலியானது, அம்மா ஏன் பாத்ரூமில் முகம் கழுவிவிட்டு வருகிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும். உங்களை அழவைக்க வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கும். நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. "உனக்கு என்ன தோணுது? எதை நினைச்சு பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னால் போதும். ஐந்து வயதுக்குக் கீழே சாவு திரும்பி வரமுடியாதது என்பது பெரும்பாலும் புரியாது. அவர்களுக்கு வேண்டியது "நான் கூடவே இருப்பேன்".

பதினாலு வயசுப் பொண்ணு. இனி கீமோ வேண்டாம்கிறா. அவ பேச்சைக் கேட்கணுமா?

கேட்கத்தான் வேண்டும். அப்படியே செய்ய வேண்டுமா என்பது வேறு. குழந்தைகள் உரிமை பற்றிய 1989 ஐநா உடன்படிக்கையின் 12-வது பிரிவு, பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரச் சொல்கிறது. மறுக்கும் உரிமை எந்த வயதில் வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வாந்தியும் ஊசியும் தாங்காமல் வேண்டாம் என்கிறாளா, முடிவு இதுதான் என்று தெரிந்தே சொல்கிறாளா என்று பாருங்கள். முதலாவது என்றால் வாந்தியைச் சரிசெய்துவிட்டு மறுபடி கேளுங்கள். இங்கிலாந்தில் ஹன்னா ஜோன்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2008-ல் இதய மாற்று வேண்டாம் என்றாள், டாக்டர்கள் கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். மறுவருஷம் நிலைமை மாறியபோது அவளே வேண்டும் என்று சொல்லிச் செய்துகொண்டாள். இரண்டு தடவையும் அவள் பேச்சைக் கேட்டார்கள்.

டாக்டர் நிறுத்தணும்கிறார், நாங்க தொடரணும்கிறோம். அப்போ?

இன்னொரு மருத்துவமனையின் கருத்தைக் கேளுங்கள், ரிப்போர்ட்களை முழுசாக வாங்கிக்கொண்டு. இப்படிப்பட்ட சிக்கல்களைப் பேசித் தீர்க்க மருத்துவமனையில் நெறிமுறைக் குழு இருந்தால் அதில் உட்காருங்கள். கடைசி வழி நீதிமன்றம், அதன் அளவுகோல் பெற்றோரின் விருப்பமோ டாக்டரின் விருப்பமோ இல்லை, பிள்ளையின் நலன்.

2017-ல் சார்லி கார்ட் வழக்கு இப்படித்தான் போனது. மைட்டோகாண்ட்ரியா நோயோடு (செல்களுக்குப் போதுமான சக்தி கிடைக்காமல் போகும் மரபணு நோய்) லண்டனில் வென்டிலேட்டரில் இருந்த கைக்குழந்தை அது. அமெரிக்காவில் சோதனை நிலையிலிருந்த ஒரு சிகிச்சைக்குக் கொண்டுபோகப் பெற்றோர் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். இங்கிலாந்தின் மூன்று நிலை நீதிமன்றங்களும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. கடைசியில் புது ஸ்கேனில் தசைச் சேதம் தெரிந்த பிறகு பெற்றோரே வழக்கை விட்டார்கள், குழந்தை ஜூலை 28 அன்று இறந்தது. யார் சரி என்பதில் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் படுவது, அந்த மாதங்கள் முழுக்க இரு தரப்பும் வக்கீல் வழியாகவே பேசிக்கொண்டது யாருக்கும் நல்லதாக இல்லை.

பிழைச்சா ஊனத்தோடதான்னு சொல்றாங்க. அதுக்கு விட்டுடறதே நல்லதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே?

இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஊனம் ஒரு காரணமே இல்லை. 1982-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் டவுன் சிண்ட்ரோமோடு (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு) பிறந்த குழந்தைக்கு உணவுக்குழாய் அடைப்பு இருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் மறுத்தார்கள், ஆறு நாளில் இறந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில், ஊனமுள்ள குழந்தைக்கு இப்படிச் சிகிச்சை மறுப்பதற்கு எதிராக 1984-ல் சட்டமே வந்தது. நடக்க முடியாது, படிக்க முடியாது என்பது ஒன்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் தீராத வலி, தணிக்க வழியில்லை என்பது வேறு. பிந்தையதைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசுகிறது.

ஊசி போட்டு முடிச்சுடலாமே, இப்படிப் பார்க்கறதுக்கு?

கேட்பதில் தப்பில்லை, கேட்டவர்களை நான் கெட்டவர்களாக நினைத்ததும் இல்லை. ஆனால் சிகிச்சையை நிறுத்துவதும் ஊசி போட்டு உயிரை எடுப்பதும் சட்டத்தில் வெவ்வேறு, பெரும்பாலான நாடுகளில் இரண்டாவது குற்றம். பெல்ஜியம் 2014-ல் வயது வரம்பை நீக்கியது, புரிந்து கேட்கக்கூடிய பிள்ளைக்கு மட்டும். நெதர்லாந்தில் 12 வயதுக்கு மேல் 2002 சட்டத்திலேயே உண்டு, 1 முதல் 12 வரை 2024-ல் விதி வந்தது. இந்தியாவில் ஊசிக்கு அனுமதி இல்லை. சிகிச்சையை நிறுத்துவதற்கு 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதை எளிமையாக்கிய 2023 உத்தரவும் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதலைக் கேட்கின்றன. இந்தக் கேள்வி மனசில் வந்தாலே வலி சரியாகத் தணியவில்லை என்று பொருள், அன்றைக்கே வலி மருந்தைப் பற்றிப் பேசுங்கள்.

நாங்க கடவுளை நம்பறவங்க. நிறுத்தினா நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?

போப் பன்னிரண்டாம் பயஸே 1957-ல் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது, வழக்கத்துக்கு மீறிய வழிகளால் உயிரை நீட்டியே ஆக வேண்டிய கடமை இல்லை என்றார். உங்கள் மதத்துப் பெரியவர் யாரையாவது டாக்டரோடு பேசும்போது கூட வைத்துக்கொள்ளுங்கள். அற்புதத்துக்கு வென்டிலேட்டர் தேவையா என்று ஒரு தகப்பன் தானே கேட்டுக்கொண்டு முடிவுக்கு வந்தார். அது அவர் கேட்க வேண்டியது, நான் யாரிடமும் அப்படிக் கேட்க மாட்டேன்.

அக்காவைக் கூட்டிட்டு வரலாமா? அவளுக்கே எட்டு வயசுதான்.

அவளைக் கேளுங்கள். வருகிறேன் என்றால், என்னென்ன குழாய் இருக்கும், தம்பி முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "நான் அவனைத் திட்டினதாலயா?" என்பது அவள் கேட்காமலே வைத்திருக்கும் கேள்வி. நீங்களாகவே இல்லை என்று சொல்லிவிடுங்கள். "தூங்கிட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் ராத்திரி தூங்கப் பயப்படுவாள்.

வேற ஏதாவது இப்பவே கேட்டு வைக்கணுமா?

ஒன்று உண்டு, பலரும் தவறவிடுவது. பிள்ளைக்கு வந்தது மரபணு நோயாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், இறப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்து டிஎன்ஏவைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தோலில் ஒரு சின்னத் துண்டும். அந்த நேரத்தில் இது கொடூரமாகத் தோன்றும், நானே சொல்லத் தயங்குகிறேன். ஆனால் வருஷம் கழித்து "அடுத்த பிள்ளைக்கும் வருமா" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல, எடுத்து வைத்த அதுதான் கையில் இருக்கும். எங்கே வைத்திருக்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று எழுதி வாங்கி, பிள்ளையின் மற்ற ஃபைலோடு வைத்துவிடுங்கள்.